நாற்பது பவுணில் இலண்டன் மாநகர்

 

சென்ற தவணையில் ஒரு நாள், ஆறாம் ஆண்டு வகுப்பில் உலக நிலப்படத்தை விரித்து வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அவ்வேளையில் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இலண்டனைப் பார்க்கப் பணக்காரராக இருக்க வேண்டுமா?” என்று வினவினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “வேண்டியதில்லை, அம்மா” என்று யாம் தொடங்கியதும் மணி ஒலித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியை இவ்வாண்டு மலரின் வாயிலாகச் சொல்ல விழைகின்றோம்.

உங்களைப் போன்றே யாமும் இந்த லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களே. எம் தந்தையார் தேயிலை ஆலையில் வேலை செய்தார். எம் அன்னையார் கொழுந்து பறித்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, சில ஆண்டுகள் தோட்டப்பள்ளிகளில் பணியாற்றிய பின்னர், ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஓராண்டுக் காலம் பயின்று வருமாறு 1996ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இங்கிலாந்து நாட்டின் வடபகுதி நகரொன்றிற்கு அனுப்பப்பெற்றோம். அப்போது எமக்கு வயது இருபத்தாறு.

புறப்பட்ட நாளன்று ரிங்லெட் பேருந்து நிறுத்தத்தில் அன்னையார் எம் கையைப் பற்றி, நான்காக மடித்த ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றை வைத்து அழுத்தினார். அவர் சொன்ன சொற்களை அவ்வாறே தருகின்றோம்: “தம்பி, அங்க பெரிய கடையா பார்த்து, நல்லா உக்காந்து, ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடி. நம்ம மாதிரிப் போடுறாங்களான்னு வந்து சொல்லு.” தம் வாழ்நாளில் எத்துணையோ கூடைக் கொழுந்தை எடைக்குப் போட்ட அம்மையார், அக்கொழுந்தைப் பெரிய கடையில் அமர்ந்து பருகுவோர் எப்படிப் பருகுகின்றனர் என்பதை அறிந்ததில்லை. அத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாப்பாவுக்குச் செல்லும் மலைப்பாதையில் இறங்கினோம்.

கல்வி உதவித்தொகையில் ஒரு பகுதியைத் தம்பி தங்கையரின் படிப்புக்காக மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பிவந்தமையால், தலைநகரைக் காணும் ஆசையை ஏழு மாதம் ஒத்திவைத்தோம். 1997 ஏப்ரல் விடுமுறையில், உடன் பயின்ற பேராக் மாநிலத்து ஆசிரியர் ஒருவரும் யாமும் துணிந்து புறப்பட்டோம். ஆளுக்கு நாற்பது பவுண். அதற்கு மேல் ஒரு காசும் செலவிடுவதில்லை என்பது எங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அந்நாளில் ஒரு பவுண் ஏறத்தாழ நான்கு வெள்ளி. நூற்று அறுபது வெள்ளியில் நான்கு நாள் இலண்டன்!

இரவுப் பேருந்தில் ஏறினால் அன்றிரவுக்குத் தங்கும் செலவு இல்லை. பொழுது புலரும் வேளையில் விக்டோரியா பேருந்து நிலையத்தில் இறங்கினோம். இலண்டனில் பயின்ற நம் நாட்டு மாணவர் ஒருவர் தம் விடுதி அறையின் தரையில் படுத்துக்கொள்ள இடம் தந்தார். ஏப்ரல் மாதத்துக் குளிருக்கு நண்பர் பல்லைக் கிட்டித்துக்கொண்டார். விடியற்பனியில் பள்ளிக்கு நடந்து பழகிய எமக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், டின்னில் அடைத்த மத்தி மீன் ஆகியவை எங்கள் பகலுணவு. மலேசியா ஹால் எனப்படும் நம் மாணவர் இல்லத்தின் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மாலை சோறும் குழம்பும் உண்டபோது, இருவரும் சிறிது நேரம் பேசவே இல்லை. நூலகத்தில் இரவல் பெற்ற நகர வரைபட நூல் ஒன்றே எங்களுக்கு வழிகாட்டி. ஒரு மணி நேரத்தில் நடக்கக்கூடிய தொலைவுக்கு வண்டி ஏறுவதில்லை என்று விதி செய்துகொண்டோம். அவ்விதியால் காலில் கொப்புளம் கண்டது. ஆயினும் நகரம் எங்களுக்கு வசப்பட்டது. நிலத்தடி இரயிலில் செல்பவர் நிலையங்களை மட்டுமே காண்பர். நடப்பவர் தெருவைக் காண்பர்.

முதல் நாள் தேம்ஸ் ஆற்றங்கரையோரமாக நடந்து நாடாளுமன்றக் கட்டடத்தையும் அதன் மணிக்கூண்டையும் வெளியிலிருந்து கண்டோம். பின்னர் டிரபால்கர் சதுக்கத்துத் தேசிய ஓவியக் கூடத்தினுள் நுழைந்தோம். 1824இல் நிறுவப்பெற்ற அக்கூடத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. அறிவியல் அருங்காட்சியகத்திற்கோ அக்காலத்தில் கட்டணம் இருந்தது. வாயில் வரை சென்று திரும்பினோம். 2001 டிசம்பர் முதல் அதுவும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. உங்களுள் எவரேனும் செல்லும் காலத்தில் எமக்காகவும் ஒருமுறை உள்ளே சென்று பார்த்து வாருங்கள்.

இரண்டாம் நாளை புளூம்ஸ்பரி என்னும் ஒரே வட்டாரத்துக்கு ஒதுக்கினோம். 1753இல் தோற்றுவிக்கப்பெற்ற பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அங்கேதான் உள்ளது; அதற்கும் கட்டணம் இல்லை. ஆந்திர நாட்டு அமராவதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பௌத்தச் சிற்பங்களை அங்குக் கண்டோம். எகிப்தில் 1799இல் கண்டெடுக்கப்பட்ட ரொசெட்டாக் கல்லின் முன் நெடுநேரம் நின்றோம். ஒரே அரசாணை அக்கல்லில் மூன்று எழுத்து முறைகளில் பொறிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் கிரேக்கத்தை அறிஞர்கள் அறிந்திருந்தனர். அதனைத் துணையாகக் கொண்டே, எவராலும் படிக்க இயலாதிருந்த பண்டை எகிப்திய எழுத்தைப் படித்தறிந்தனர். தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழி பயிலும் நம் மாணவர்களை அங்கு எண்ணிக்கொண்டோம். ஒன்றை நன்கு அறிந்தால் அது மற்றொன்றின் கதவைத் திறக்கும்.

அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசை ஆப்பிரிக்கவியல் கல்லூரி இருக்கிறது. அதன் வளாகத்தில் 1996இல் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை எங்களை வரவேற்றது. அவ்வளவு தொலைவு சென்று நம்மவர் ஒருவரைக் கண்டது போன்ற உணர்வு எங்களை ஆட்கொண்டது. நண்பர் தம்மையறியாமல் காலணியைக் கழற்றிவிட்டார். பின்னரே ஈரத் தரையை உணர்ந்தார்.

இன்னும் சற்று நடந்தால் டாவிஸ்டாக் சதுக்கம். அதன் நடுவே காந்தியடிகள் காலை மடக்கி அமர்ந்திருக்கும் சிலை 1968 முதல் உள்ளது. அதன் எதிரே இருந்த நீள்விசிப்பலகையில் அமர்ந்து ரொட்டியைப் பிரித்தோம். 1888 முதல் 1891 வரை அவரும் இந்நகரில் மாணவராகவே வாழ்ந்தார், சட்டம் பயின்றார். செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதினார். வண்டிச் செலவைக் குறைக்க நாள்தோறும் எட்டு, பத்து மைல் நடந்தார். பின்னர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, நாளொன்றுக்கு ஒரு சில்லிங் மூன்று பென்ஸில் காலம் கழித்ததைச் ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். கல்லூரிக் காலத்தில் அப்பகுதியைப் படித்திருந்த எமக்கு, அன்று பெருமிதம் பொங்கியது. அடிகளாரின் வழியில் அன்றோ நாமும் நடக்கிறோம் என்று எம்மை நாமே பாராட்டிக்கொண்டோம். அப்பாராட்டு அரைகுறைப் படிப்பினால் வந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

மூன்றாம் நாள் தேயிலைக்குரிய நாள். தோட்டத்துப் பிள்ளை இலண்டனுக்குச் சென்று தேயிலையின் தடத்தைத் தேடாமல் திரும்பலாமா? கிழக்கிந்தியக் கம்பெனியார் 1679இல் இலண்டனில் தேயிலையை ஏலம் விட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்சிங் லேன் என்னும் சிறு தெரு தேயிலை வணிகத்தின் தலைவாசலாயிற்று. அஸ்ஸாம், இலங்கை, ஆப்பிரிக்கா முதலிய இடங்களின் தேயிலைக்கு அங்கே விலை கூறினர். நாங்கள் சென்றது சனிக்கிழமை. ஏலம் அத்தெருவை விட்டு அகன்று பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அலுவலகக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. புறா இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. மறு ஆண்டு, 1998 ஜூன் 29ஆம் நாள், இலண்டன் தேயிலை ஏலமே முற்றாக நின்றுபோயிற்று. நம் மலைத் தேயிலையின் பெரும்பகுதி நம் நாட்டிலேயே பருகப்படுகிறது என்பதையும் கருதினால், அத்தெருவுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நேர் உறவு இல்லை எனலாம். எனினும், உலகெங்கும் கொழுந்து பறித்த தாய்மாரின் கூலி அங்கே கேட்கப்பட்ட விலையோடு பிணைந்திருந்தது என்னும் எண்ணம் எழுந்ததும், அவ்வெறுந்தெருவில் மெல்லவே நடந்தோம்.

பின்னர்க் கிழக்கே சென்று, தேம்ஸ் ஆற்றின் அடியில் 1902இல் அமைக்கப்பெற்ற நடைச் சுரங்கத்தின் வழியே கிரீனிச் சேர்ந்தோம். தலைக்கு மேல் ஆறு ஓட, காலடி ஓசை எதிரொலிக்க, கட்டணமின்றி ஆற்றைக் கடப்பது சிறுவரைப் போல் எங்களைக் குதிக்கச் செய்தது. கரையேறியதும் கட்டி சார்க் என்னும் பாய்மரக் கப்பல் கண்ணில் பட்டது. சீனத் தேயிலையை விரைந்து கொண்டுவருவதற்கென்றே 1869 நவம்பரில் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. அதே மாதத்தில் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. காற்றை நம்பி ஆப்பிரிக்க முனையைச் சுற்றிவரும் பாய்மரக் கப்பலால், கால்வாய் வழியே குறுக்கே வரும் நீராவிக் கப்பலோடு நெடுநாள் போட்டியிட இயலவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் தேயிலைப் பயணம் முடிந்துபோயிற்று. உள்ளே செல்லக் கட்டணம் உண்டு; ஆதலால் வெளியே நின்று மூன்று முறை சுற்றி வந்தோம்.

மலைமேல் வான்ஆய்வுக் கூடம். சுழியப் பாகை நிலநெடுங்கோடு வேலிக்கு வெளியே, பாதையருகிலும் குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு காலைக் கிழக்கிலும் மறு காலை மேற்கிலும் வைத்து நின்றோம். நம் பள்ளத்தாக்கு அக்கோட்டிற்குக் கிழக்கே ஏறத்தாழ 101 பாகையில் உள்ளது. அப்போது அங்கே பிற்பகல் இரண்டு மணி. நம் தோட்டத்தில் இரவு ஒன்பது மணி. விடியற்காலை எழ வேண்டிய அன்னையார் விளக்கை அணைத்திருப்பார்.

இறங்கி வரும் வழியில், தொழிலாளர் கூடும் சிறு கடையொன்றில் ஐம்பது பென்ஸுக்கு ஒரு கோப்பைத் தேநீர் வாங்கினோம். தடித்த கோப்பை, அதனுள் தேயிலைத்தூள் அடைத்த சிறு பை, டின் பாலுக்குப் பதில் பச்சைப்பால். ஆசிரியரின் கை சும்மா இருக்குமா? ரொட்டி சுற்றிய தாளில் கணக்குப் போட்டோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும் என்று தந்தையார் ஆலையில் கண்டதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படியாயின் ஒரு கிலோ கொழுந்தில் சற்றொப்ப 220 கிராம் தூள். கோப்பைக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல் என்று கொண்டால், நூறு கோப்பை! கோப்பைக்கு இரண்டு வெள்ளி வீதம் அக்கடையில் இருநூறு வெள்ளி. அந்த ஒரு கிலோவைப் பறித்தவருக்குக் கிடைப்பதோ சில காசுகள். ஆலைச் செலவு, கப்பற்கூலி, கடை வாடகை, பால், வெந்நீர் ஆகிய யாவும் இடையில் உண்டு என்பதை அறிவோம். ஆயினும் அக்கணக்கு அன்று முதல் இன்றுவரை எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அக்கோப்பையில் இருந்தது கென்யக் கொழுந்தோ, இலங்கை மலையகத்துக் கொழுந்தோ, யாமறியோம். எந்த மலையாயினும் அங்கே ஒரு தாய் நின்றிருப்பார்.

நான்காம் நாள், நகரின் பெருந்தெரு ஒன்றில் புகழ்பெற்ற தேநீர் மாளிகை ஒன்றின் வாயிலில் நின்றோம். வெண்துணி விரித்த மேசைகள்; வெள்ளிக் கெண்டிகள்; அடுக்குத் தட்டில் பலகாரங்கள். வாயிலில் தொங்கிய விலைப்பட்டியலில் ஒருவருக்குப் பன்னிரண்டு பவுண் என்றிருந்தது. நாற்பத்தெட்டு வெள்ளி! நண்பர் எம் முகத்தைப் பார்த்து, “அம்மா தந்த ஐம்பது வெள்ளியை மாற்றினால் சரியாக இருக்கிறது, உள்ளே போய் வாருங்கள். அவர் அதற்காகத்தானே தந்தார்?” என்றார். “அது அவருடைய சில நாள் கூலி, ஒரு கோப்பைத் தண்ணீருக்கு அதைக் கொடுப்பது பாவம்” என்று கூறி நடந்தோம். அன்றிரவு பேருந்தில் கணக்கை முடித்தோம். பேருந்துக்கு 14 பவுண், நகர வண்டிக்கு 5, உணவுக்கு 11, இடம் தந்த நண்பருக்குப் பழம் வாங்க 3, அஞ்சலட்டைக்கு 2, தேநீருக்கு அரைப் பவுண். ஆக 35 பவுண் 50 பென்ஸ். மீதம் நாலரைப் பவுண். வெற்றிக்களிப்பில் உறங்கிப்போனோம்.

அவ்வாண்டு செப்டம்பரில் வீடு திரும்பினோம். இரவு உணவுக்குப் பின் கூடத்தில் அனைவரும் அமர்ந்திருக்க, நூறு கோப்பைக் கணக்கைச் சொன்னோம். அன்னையார் சினங்கொள்வார் என்று எண்ணினோம். அவரோ வியப்போடு, “ஒரு கிலோவுல நூறு பேர் குடிக்கிறாங்களா!” என்று கேட்டு, தம் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பின்னர், “பெரிய கடையில எப்படி இருந்துச்சு?” என்றார். யாம் பெருமிதத்தோடு எழுந்து, பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத ஐம்பது வெள்ளித் தாளை எடுத்து அவர் கையில் வைத்தோம். “செலவழிக்காமல் கொண்டுவந்துவிட்டேன், அம்மா.”

அவர் முகம் வாடியதை இன்றும் மறக்க இயலவில்லை. “சேத்து வைக்கவா தம்பி குடுத்தேன்? நீ குடிக்கணும்னுதானே குடுத்தேன்” என்று மெல்லச் சொன்னார். பிறகு அடுப்படிக்குச் சென்று எங்கள் எல்லார்க்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பற்றி அவர் பின்னர் ஒருபோதும் பேசவில்லை.

சில திங்கள் கழித்துச் ‘சத்திய சோதனை’யை முழுமையாகப் படித்தோம். மாணவராய் இருந்த காலத்தில் காந்தியடிகள் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியைக் காணச் சென்றார். ஏழு நாள் தங்கினார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே, மிகச் சிக்கனமாக நகரைச் சுற்றினார். அவ்வளவு சிக்கனக்காரர் ஈபெல் கோபுரத்தில் ஏறியபோது, உயரத்தில் அமர்ந்து பகலுணவு உண்டேன் என்று சொல்லிக்கொள்ளும் மனநிறைவுக்காகவே ஏழு சில்லிங்கைச் செலவிட்டார்! அவருடைய இலண்டன் கணக்குப்படி ஐந்து நாளுக்கு மேற்பட்ட செலவு அது. பிற்காலத்தில் அக்கோபுரத்தை ஒரு விளையாட்டுப் பொருள் என்றே அவர் மதித்தார். எனினும், அந்த ஏழு சில்லிங்கை மறைக்காமல் எழுதிவைத்தார். டாவிஸ்டாக் சதுக்கத்தில் அமர்ந்து அவர் வழியில் நடப்பதாக எண்ணிய யாம், அவரில் பாதியையே படித்திருந்தோம்.

எம் அன்னையார் 2011இல் இயற்கை எய்தினார். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, அடையாள அட்டைக்கும் பழைய புகைப்படங்களுக்கும் நடுவே அத்தாள் அதே நான்கு மடிப்போடு இருந்தது. பதினான்கு ஆண்டுகள் அவரும் அதனைச் செலவிடவில்லை. அப்பணத்தோடு சிறிது சேர்த்து வாங்கியதே நம் பள்ளி நூலகத்தின் சுவரில் தொங்கும் பெரிய உலக நிலப்படம். அதில் இலண்டன் இருக்கும் இடம் மாணவர்களின் விரல் பட்டுப் பட்டு மங்கிப்போயிருக்கிறது. அதனை மாற்ற எமக்கு மனமில்லை.

பெற்றோர்களே, சிக்கனம் நம் தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டிய பாடமன்று. ஆனால், “நமக்கு அதெல்லாம் எதற்கு?” என்று ஆசையையே அடக்கிவைப்பது சிக்கனமாகாது. கோலாலம்பூரில் 1963 முதல் விளங்கும் தேசிய அரும்பொருளகத்திற்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். உணவைக் கட்டிக்கொண்டு போங்கள், நடந்தே பாருங்கள். திரும்புமுன் அவர்கள் விரும்பிய ஒன்றை, சிறிதாயினும், வாங்கிக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் ஒரு நாள் மேற்படிப்புக்காகத் தொலைதூரம் செல்வீர்கள். செல்லுமுன் வரைபடத்தைப் படியுங்கள். கட்டணமில்லாத இடங்களை முன்னரே குறித்துக்கொள்ளுங்கள். நல்ல காலணி அணியுங்கள். வரவு செலவை எழுதி வையுங்கள். உங்கள் தாய் ஏதேனும் ஒன்றுக்கென்று பணம் தந்திருந்தால், அதனை அதற்கே செலவிடுங்கள். வந்து அவரிடம் சொல்லுங்கள். கேட்பதற்கு அவர் காத்திருப்பார்.

வினவிய மாணவிக்கு எம் மறுமொழி இதுவே: இலண்டனைப் பார்க்கப் பணக்காரராய் இருக்க வேண்டியதில்லை, அம்மா. நாற்பது பவுணில் யாம் பார்த்துவிட்டோம். பன்னிரண்டு பவுணை மட்டும் இன்னும் கொஞ்சம் செலவிட்டிருக்கலாம்.